பொடக்காளியில ஓர் ஆறு!

ஆறே இல்லாத ஊர்ல ஆறு ஓட்டுறது எப்படி? சிவில் பசங்களுக்கு மட்டுமில்ல, ஆழியாறுல குளிக்கப் போற எல்லாருக்கும்!

கிணத்துக்கடவு பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, "இங்கே ஆறு எங்கேங்க இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஊர் பேர்லயே கெணறுதானுங்க இருக்குது. ஆத்தப் பாக்கோணும்னா பொள்ளாச்சி தாண்டி ஆனைமலைக்குப் போங்க" என்பார்கள். நியாயமான பதில்தான். பொன்மலை வேலாயுதசாமி கோயில் படியேறி நின்று சுற்றிப் பார்த்தால் காற்றாலை தெரியும், தென்னந்தோப்பு தெரியும், தக்காளி லாரி தெரியும். ஆறு மட்டும் தெரியாது.

ஆனால் ஒரு பிளைவுட் ஷீட், கொஞ்சம் மணல், ஏர் கூலருக்குப் போடும் குட்டி மோட்டார் ஒன்று. இவ்வளவு இருந்தால் உங்கள் வீட்டுப் பொடக்காளியிலேயே ஓர் ஆறு ஓடும். வளையும், கரையை அரிக்கும், மணல் திட்டு போடும், பாலத்தைச் சாய்க்கும். நிஜ ஆறு பல வருஷத்தில் செய்யும் அத்தனை சேட்டையையும் ஒரே சாயந்திரத்தில் செய்து காட்டும்.

"மண்ணுல வெளையாடற வயசா கண்ணு இது?" என்று அமுச்சி கேட்கலாம். கேட்கட்டும். இந்த விளையாட்டுக்கு 150 வருஷத்துக்கும் மேலான சரித்திரம் இருக்கிறது. அணை கட்டுகிறவர்களும் துறைமுகம் கட்டுகிறவர்களும் இன்றைக்கும் கோடிகளைக் கொட்டுவதற்கு முன்னால் இப்படித்தான் மண்ணில் விளையாடிப் பார்க்கிறார்கள்!

முதலில் மண்ணில் விளையாடிய பெரியவர்கள்

ஃப்ரான்ஸில் லூயி ஃபார்க் என்ற இன்ஜினீயர். கரோன் என்ற ஆறு ஏன் இப்படி நெளிகிறது, எங்கே ஆழமாகிறது என்று யோசித்து யோசித்து, கடைசியில் 1875-ல் அந்த ஆற்றையே சின்னதாகச் செய்து தண்ணீர் விட்டுப் பார்த்தார். பத்து வருஷம் கழித்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இன்னொருவர், மெர்ஸி ஆற்றின் முகத்துவாரத்தை ஒரு தொட்டிக்குள் அடக்கினார். நிஜத்தில் பன்னிரண்டரை மணி நேரம் எடுக்கும் கடல் ஏற்ற இறக்கம் அவருடைய தொட்டியில் முக்கால் நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். ஏற்றம் இறக்கமாக ஆயிரக்கணக்கான தடவை தண்ணீரை ஆட்டிவிட்டுப் பார்த்தால், நிஜ முகத்துவாரத்தில் இருக்கிற அதே மணல் திட்டுகள் தொட்டியிலும் முளைத்திருந்தன!

யார் அவர் என்கிறீர்களா? ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். ஆமாங்க, செகண்ட் இயரில் நம் தூக்கத்தைக் கெடுத்த அந்த 'ரெனால்ட்ஸ் நம்பர்'காரரேதான்!

நம் நாடும் இதில் பின்தங்கவில்லை. புனே பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கும் மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையத்தின் வேர் 1916-க்குப் போகிறது. அங்கே கிளாட் இங்கிலிஸ் என்ற இன்ஜினீயர் ஏக்கர் கணக்கில் ஆறுகளை மண்ணிலேயே செய்து ஓடவிட்டார். அந்த அனுபவத்தை எல்லாம் திரட்டி அவர் எழுதிய பெரிய புத்தகம் 1949-ல் வெளிவந்தது. ஆறுகளைப் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அதைத் தேடிப் போகிறார்கள்.

தமிழ்நாட்டிலும் உண்டு. திருவள்ளூர் பக்கம் பூண்டி ஏரி கட்டி முடித்த அதே 1944-ல், அங்கேயே பாசன ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் தொடங்கினார்கள். இன்றைக்கு அதன் பெயர் நீரியல் மற்றும் நீர்வளவியல் நிறுவனம். நம் பொதுப்பணித்துறை, நீர்வளத்துறை அணைகளுக்கும் மதகுகளுக்கும் செங்கல், சிமென்ட், மணலில் குட்டி வடிவம் செய்து தண்ணீர் விட்டுப் பார்க்கிற இடம் அது. சிவில் படிக்கிறவர்கள் அடுத்த இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு மாலைத் தவிர வேறு இடம் யோசித்தால், ஹெச்.ஓ.டி-யிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்களேன்.

சின்னதாக்கினால் போதுமா?

இங்கேதான் சூட்சுமம். அணையை 100 மடங்கு சின்னதாகச் செய்துவிட்டோம். தண்ணீரையும் 100 மடங்கு குறைத்துவிட்டால் சரியாக வருமா? வராது!

இதற்கு வழி காட்டியவர் வில்லியம் ஃப்ரூட். 1870-களில் இங்கிலாந்தில் கப்பல் பொம்மைகளைத் தொட்டியில் இழுத்து இழுத்துப் பார்த்தவர். அவர் சொன்ன கணக்கின் சாரம் இதுதான். அலையும் வெள்ளமும் புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டவை. அதனால் நீளத்தை 100-ஆல் குறைத்தால், வேகத்தை அதன் வர்க்கமூலமான 10-ஆல்தான் குறைக்க வேண்டும். நேரமும் 10-ஆல்தான் குறையும். ஆனால் தண்ணீரின் அளவு? அகலம் 100, ஆழம் 100, வேகம் 10. மூன்றையும் பெருக்குங்கள். ஒரு லட்சம்!

புரியலையா? உள்ளூர்க் கணக்கே போடுவோம். 2022 செப்டம்பர் 21-ஆம் தேதி அதிகாலை, பரம்பிக்குளம் அணையின் நடு ஷட்டர் உடைந்து போனது ஞாபகம் இருக்கா? விநாடிக்குச் சுமார் 20 ஆயிரம் கன அடி தண்ணீர் வீணாகப் போகிறது என்று டி.வி-யில் பார்த்து நம் ஊர் விவசாயிகள் வயிற்றில் அடித்துக்கொண்டார்களே, அதே வெள்ளம்தான். 1:100 மாடலில் அது வெறும் 0.2 கன அடி. விநாடிக்கு ஆறு லிட்டருக்கும் குறைவு. குளியலறை பக்கெட் ஒன்று மூன்று நொடிக்குள் நிறையும், அவ்வளவுதான். ஒரு நாள் முழுக்க ஓடுகிற வெள்ளம் மாடலில் 2 மணி 24 நிமிஷத்தில் முடிந்துவிடும். மேட்னி ஷோ பார்க்கிற நேரத்தில் ஒரு நாள் வெள்ளத்தைப் பார்த்துவிடலாம்!

அணைக்கு இந்தக் கணக்கு அழகாக ஒத்துப்போகிறது. ஆற்றுக்குத்தான் கொஞ்சம் மக்கர் பண்ணும். ஆறு என்பது பரந்து கிடக்கிற, ஆனால் ஆழமில்லாத ஆசாமி. அரை கிலோமீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 மடங்கு குறைத்தால் அகலம் ஒரு மீட்டர், சரி. ஆழம்? 4 மில்லிமீட்டர்! அது ஆறு இல்லை, தரையில் கொட்டின காபி. அந்த ஆழத்தில் தண்ணீரின் பரப்பு இழுவிசையும் பிசுபிசுப்பும்தான் ராஜா. புவியீர்ப்பின் பேச்சு எடுபடாது.

அதனால் ஒரு சின்ன தில்லுமுல்லு பண்ணுவார்கள். அகலத்தை 500 மடங்கு குறைத்து, ஆழத்தை மட்டும் 50 மடங்கு குறைப்பார்கள். இப்போது ஆழம் 4 சென்டிமீட்டர், தண்ணீர் தண்ணீராக ஓடும். ரெனால்ட்ஸ் செய்ததும் இதைத்தான். ஆனால் கரைச் சரிவு நிஜத்தைவிடப் பத்து மடங்கு செங்குத்தாகிவிடும். மாடல் எங்கே உண்மை சொல்லும், எங்கே பொய் சொல்லும் என்று தெரிந்து வைத்திருக்கிறவர்தான் கெட்டிக்கார இன்ஜினீயர்.

மணலும் அப்படித்தான். அரை மில்லிமீட்டர் ஆற்று மணலை 100 மடங்கு சின்னதாக்கினால் அது மணலே இல்லை, வண்டல் தூசு. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், உருளாது. அதனால் பெரிய ஆய்வுக்கூடங்களில் எடை குறைந்த சாமான்களைப் போடுவார்கள். நிலக்கரித் தூள், பிளாஸ்டிக் மணி, வால்நட் ஓட்டுத் தூள் என்று என்னென்னவோ!

ஆறு செய்யலாம் வாங்க!

தேவையானவை: 8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஷீட் ஒன்று. சுற்றிலும் நாலு அங்குல உயரத்துக்கு ரீப்பர் கட்டை. உள்ளே விரிக்க ஓட்டையில்லாத தார்ப்பாய். ரெண்டு பிளாஸ்டிக் டப். கூலர் மோட்டார் அல்லது மீன்தொட்டி மோட்டார். கொஞ்சம் டியூப். அப்புறம் மணல்.

மணல் என்றதும் ஆற்றுக்கு ஓடாதீர்கள்! எம்-சாண்ட் போதும். கொத்தனார் சல்லடையில் சலித்து, பெரிய கல்லை எடுத்துவிட்டு, பக்கெட்டில் போட்டு அலசித் தூசியை வடித்துவிடுங்கள். ரொம்பப் பொடியாக இருந்தால் படுகை முழுக்கக் குட்டிக் குட்டி மடிப்பு விழுந்து கண்ணை ஏமாற்றும். ரவையைவிடக் கொஞ்சம் பெரிய மணிகள் நல்லது. ஆற்றைப் படிக்கக்கூட ஆற்று மணல் கிடைக்காத காலம் இது என்பது தனி சோகம்!

ரெண்டு அங்குலத் தடிமனுக்கு நிரப்ப ஐந்தாறு கன அடி மணல் பிடிக்கும். எடை கால் டன் வரும். 'பழைய கட்டில் மேல வெச்சுக்கலாம்' என்று நினைத்தீர்கள் என்றால் கட்டில் காலி! தரையிலேயே வரிசையாகச் செங்கல் அடுக்கி அதன் மேல் வையுங்கள். தலைப் பக்கத்தை ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் தூக்கினால் போதும். எட்டு அடிக்கு ஒரு அங்குலம் என்பது சுமார் நூற்றுக்கு ஒன்று சரிவு.

கால் பக்கம் ஒரு வாய் வெட்டி, தண்ணீர் முதல் டப்பில் விழச் செய்யுங்கள். மணல் அங்கே தங்கும். தெளிந்த தண்ணீர் வழிந்து ரெண்டாவது டப்புக்கு வரும். மோட்டார் அதில்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் மோட்டார் மணல் தின்று செத்துப்போகும். தண்ணீரின் அளவு? ஒரு பக்கெட் நிறைய ரெண்டரை, மூன்று நிமிஷம் ஆனால் சரியான அளவு. ஒரே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும், கிணத்துக்கடவில் தண்ணீர் வீணாக்கினால் அமுச்சி சும்மா விடமாட்டார் பாருங்க! அப்புறம் முக்கியமான விஷயம். பிளக் பாயின்ட் தண்ணீருக்குத் தூரமாக, உயரமாக இருக்கட்டும். ஈரக் கையோடு ஸ்விட்ச் தொடக்கூடாது.

எல்லாம் ரெடியா? மணலில் விரலால் ஒரு வாய்க்கால் கீறி, நடுவில் லேசாக ஒரு வளைவு வைத்து, மோட்டாரைப் போடுங்கள்.

ஆட்டம் ஒன்று: வால்பாறை டீயும் ஐன்ஸ்டீனும்

வளைவில் சொட்டு நீலம் ஒரு துளி விடுங்கள். மேல் தண்ணீர் வெளிக்கரையை நோக்கித் தள்ளிக்கொண்டு போகும். இப்போது கொஞ்சம் கலர் கோலப்பொடியைப் படுகையில் தூவுங்கள். அது எதிர்ப்பக்கமாக, உள்கரைக்கு நகரும்! மேலே ஒரு திசை, அடியில் ஒரு திசை. தண்ணீர் ஸ்ப்ரிங் மாதிரி சுருண்டு சுருண்டு போகிறது.

இதே சங்கதி நீங்கள் டீ குடிக்கும் டம்ளரிலும் நடக்கிறது. வால்பாறை டீத்தூள் கொஞ்சம் மிதக்கிற டம்ளரை ஸ்பூனால் கலக்கிவிட்டு எடுத்துவிடுங்கள். சுற்றுகிற வேகத்துக்குத் தூள் ஓரத்துக்குத்தானே ஒதுங்க வேண்டும்? ஒதுங்காது. அடியில், நடுவில் வந்து கும்பலாக உட்காரும். அடித்தண்ணீர் டம்ளரின் தரையில் உரசி வேகம் குறைவதால் உள்பக்கமாகத் திரும்பி, தூளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. இதை ஆற்று வளைவோடு முடிச்சுப் போட்டு 1926-ல் கட்டுரை எழுதியவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்! அவருடைய மகன் ஹான்ஸ் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் இன்னும் ஒரு படி மேலே போய், ஆறு மணலை எப்படிச் சுமக்கிறது என்பதையே வாழ்நாள் ஆராய்ச்சியாக எடுத்து பெர்க்லி பல்கலைக்கழகத்தில் புரொபசர் ஆனார்.

அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். வெளிக்கரை அடியில் அரிந்து, 'பொத்'தென்று சரியும். உள்கரையில் மணல் மேடு வளரும். இதை மனசில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் இது தேவைப்படும்.

ஆட்டம் ரெண்டு: பென்சில் பாலம்

நடு ஆற்றில் தடிமனான மார்க்கர் பேனா ஒன்றை மணலில் நட்டு வையுங்கள். இதுதான் பாலத்தின் தூண். தண்ணீர் தூணின் முன்பக்கம் மோதி, கீழ்நோக்கிப் பாய்ந்து, அடியில் குதிரை லாடம் மாதிரி சுழன்று, மணலைத் தோண்டும். மேலே இருந்து பார்த்தால் தண்ணீர் அமைதியாக ஓடுவது போலத்தான் இருக்கும். சாயும்போதுதான் தெரியும், அஸ்திவாரமே போய்விட்டது என்று.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சியில் என்ன நடந்தது தெரியுமா? கொள்ளிடத்தின் மேல் 1928-ல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் படுகையில் இறங்கி, பாலத்தின் ஒரு பகுதி சரிந்தது. நல்லவேளை, அதில் போக்குவரத்தை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள். அதே மாதம் 22-ஆம் தேதி ராத்திரி முக்கொம்பில், ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டிய மேலணையின் 9 ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயின. ஏன் என்று பெரிய விவாதமே நடந்தது. கட்டடத்தின் வயசு, வெள்ளத்தின் வேகம், படுகையில் மணல் அள்ளியது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

ஆட்டம் மூன்று: ஒரு குழி, ரெண்டு பாவம்

மணல் அள்ளினால் என்ன ஆகும்? நீங்களே அள்ளிப் பாருங்கள்! ஆற்றின் நடுவில் ஒரு டம்ளர் அளவுக்குக் குழி தோண்டுங்கள். 'தண்ணியோட வர்ற மணல் நிரப்பிடும், என்ன ஆகிடப்போகுது' என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? கவனியுங்கள்.

குழியின் மேல் விளிம்பில் தண்ணீர் குட்டி அருவியாக விழும். அந்த விளிம்பு உடையும், உடைந்து உடைந்து மேல்நோக்கிப் போகும். ஆற்றை எதிர்த்து அந்தப் பள்ளம் மேலே ஏறும்! குழி இங்கே, சேதம் அரை மீட்டர் மேலே. கீழ்ப்பக்கம் என்ன? மேலிருந்து வந்த மணலை எல்லாம் குழி விழுங்கிவிட்டதால், தண்ணீர் வெறும் வயிற்றோடு போகிறது. பசித்த தண்ணீர் சும்மா இருக்குமா? கீழே இருக்கிற படுகையைத் தின்று பசியாறும்.

இப்போது குழிக்குக் கொஞ்சம் மேலே அந்த மார்க்கர் தூணை நட்டு மறுபடி ஓட்டுங்கள். பள்ளம் ஏறி வந்து தூணின் காலை வாருவதைப் பார்த்தபிறகு, 'பாலத்துக்குப் பக்கத்தில் மணல் அள்ளாதே' என்று ஏன் சட்டம் இருக்கிறது என்று யாரும் உங்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

ஆட்டம் நாலு: குதிரைமசால் மந்திரம்

வெறும் மணலில் ஆறு ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் சடை பின்னின மாதிரி ஏழெட்டு ஓடையாகப் பிரிந்துவிடும். பாம்பு மாதிரி அழகாக நெளிகிற ஒற்றை ஆற்றை ஆய்வுக்கூடத்தில் நீடிக்க வைக்க முடியாமல் விஞ்ஞானிகள் பல வருஷம் திண்டாடினார்கள். 2009-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு ஒன்று அதைச் சாதித்துக் காட்டியது. ரகசியம் என்ன தெரியுமா? மணலில் விதையைத் தூவி முளைக்கவிட்டார்கள். வேர் கரையைப் பிடித்துக்கொண்டது, ஆறு நெளிந்துகொண்டே நகர்ந்தது. என்ன விதை? நம் ஊரில் மாட்டுக்குப் போடுகிற குதிரைமசால்!

கரையோரத்துச் செடி கொடியை எல்லாம் ஜே.சி.பி. வைத்து வழித்துவிட்டு 'ஆற்றைச் சுத்தம் பண்ணிட்டோம்' என்று போட்டோ எடுத்துக்கொள்பவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும்.

'இதெல்லாம் கம்ப்யூட்டர்லயே வந்துடாதா பாஸ்?'

கேட்பீர்கள் என்று தெரியும். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் மிஸிஸிப்பி ஆற்றுப்படுகை முழுவதையும் 200 ஏக்கரில் கான்கிரீட்டில் செய்தார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்த 1943-ல், ஜெர்மன் போர்க்கைதிகளை வைத்துத் தொடங்கிய வேலை. 1952-ல் மிஸோரி ஆற்றில் வெள்ளம் வந்தபோது எந்தக் கரையை உயர்த்த வேண்டும் என்று அந்த மாடலில் ஓட்டிப் பார்த்துச் சொன்னார்கள். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, 200 ஏக்கரும் புதர் மண்டிப்போனது.

அதோடு கதை முடிந்ததா? இல்லையே! 2018-ல் அதே மிஸிஸிப்பியின் கடைசிப் பகுதிக்கு, லூசியானா மாகாணப் பல்கலைக்கழகத்தில் பாஸ்கெட்பால் கோர்ட்டைவிடப் பெரிய புது மாடல் ஒன்றைத் திறந்தார்கள். ஒரு வருஷத்து ஆறு அதில் ஒரு மணி நேரத்தில் ஓடிவிடுகிறது. ஏன் மறுபடியும்? தண்ணீர் மட்டும் ஓடினால் கம்ப்யூட்டர் பிரமாதமாகக் கணக்குப் போடும். மணலும் தண்ணீரும் சேர்ந்து சுழன்று படுகையையே மாற்றும் இடத்தில் அது இன்னும் தடுமாறும். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு விவசாயியையோ கலெக்டரையோ கூட்டிவந்து ஸ்க்ரீனில் கிராஃப் காட்டினால் தலையாட்டுவார். மாடலில் அவர் கண் முன்னாலேயே கரை இடிந்தால் நம்புவார்.

அதுக்கும் ஓர் உதாரணம். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் குறுக்கே ரெண்டு தடுப்பணை கட்டி நன்னீர் ஏரி ஆக்கலாம் என்று ஒருவர் பெரிய திட்டம் போட்டார். பலரும் ஆதரித்தார்கள். 1957-ல் விரிகுடாவையே ஒன்றரை ஏக்கரில் மாடலாகச் செய்து ஓட்டிப் பார்த்தார்கள். திட்டம் வேலைக்கு ஆகாது என்று தெரிந்தது. குப்பைக்கூடைக்குப் போனது. கட்டிவிட்டு வருத்தப்படுவதைவிடக் குட்டியாகக் கட்டி வருத்தப்படுவது மலிவு!

பைனல் இயர் மக்களுக்கு ஒரு வார்த்தை. புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்தால் ரிப்போர்ட், பி.பி.டி, சி.டி. எல்லாம் ரெடிமேடாகக் கிடைக்கும். வைவாவில் எக்ஸ்டர்னல் 'ஏன்?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் முடிந்தது ஜோலி. இந்த மணல் தொட்டியில் நாலு பேர் நாலு வாரம் கை நனைத்தால், அந்த 'ஏன்'-க்குப் பதில் உங்கள் நகக்கண்ணில் இருக்கும். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். எட்டு அடித் தொட்டி இத்தனை மீட்டர் அரிக்கும் என்று கணக்குச் சொல்லாது, ஆற்றின் குணத்தைச் சொல்லும். அளவு சொல்ல வேண்டுமென்றால் ஃப்ரூட் விதிப்படி, காலேஜ் லேப் ஃப்ளூமில், அளந்து செய்ய வேண்டும். ரிப்போர்ட்டில் அந்த வித்தியாசத்தையும் எழுதுங்கள். அதுதான் முதிர்ச்சி.

கடைசி ஆட்டம்: தெர்மாகோல் நண்பன்

இது சிவிலுக்கு மட்டும் இல்லை, பி.காம், பி.எஸ்சி, எல்லோருக்கும்.

ஆற்றின் குறுக்கே ஒரு மரச்சட்டம் வையுங்கள். இதுதான் தடுப்பணை. தண்ணீர் அதைத் தாண்டி விழட்டும். விழுகிற இடத்தில் மணல் பறந்து குழி விழுவதைப் பார்ப்பீர்கள். இப்போது கால் பக்க வாயில் ஒரு கட்டையை வைத்துக் கீழ்த் தண்ணீரைக் கொஞ்சம் உயர்த்துங்கள். மேலே பார்க்க ஆற்றின் சத்தம் அடங்கி, அழகாகக் குளம் மாதிரி இருக்கும். ஒரு தெர்மாகோல் உருண்டையைச் சட்டத்துக்குக் கீழே போடுங்கள்.

உருண்டை ஆற்றோடு போகாது. திரும்பி அணையை நோக்கி வரும். விழும் தண்ணீரில் மாட்டி அமுங்கும். எழும்பும். மறுபடி அணையை நோக்கி வரும். மறுபடி அமுங்கும். கொஞ்சம் முன்னே போய், திரும்ப இழுபட்டு வரும். நீங்களாக எடுக்கிற வரைக்கும் பெரும்பாலும் அங்கேயேதான் சுற்றும்.

உருண்டைக்கு நீச்சல் தெரியாது என்று சொல்லாதீர்கள். அது எதிலும் மூழ்காத உருண்டை!

கிணத்துக்கடவைச் சுற்றி எத்தனை காலேஜ், எத்தனை ஹாஸ்டல். சனி ஞாயிறு வந்தால் நாலு பைக், எட்டுப் பேர், பொள்ளாச்சி, ஆழியாறு. நம்மில் பாதிப் பேர் ஆறே இல்லாத ஊரில் வளர்ந்தவர்கள். கிணற்றில் நீச்சல் பழகினவருக்குக்கூடக் கிணற்றுத் தண்ணீர் இழுக்காது, ஆற்றுத் தண்ணீர் இழுக்கும். திங்கட்கிழமை பேப்பரில் நாலாம் பக்கத்தில் ஒரு மூலையில் வருகிற செய்தியை எல்லோரும் படித்திருக்கிறோம். 'ஆழமான பகுதிக்குச் சென்றபோது' என்று இருக்கும். ஆழமான பகுதி எங்கே என்று முன்கூட்டியே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீங்கள் இப்போது சொல்லலாம். வளைவின் வெளிக்கரை. பாலத் தூணின் அடி. மணல் அள்ளின இடம். தடுப்பணைக்குக் கீழே, அமைதியாகத் தெரிகிற அந்த இடம். நாலையும் உங்கள் கண்ணாலேயே பொடக்காளியில் பார்த்துவிட்டீர்கள். இந்த நாலு இடத்திலும் இறங்காதீர்கள். நண்பன் மாட்டிக்கொண்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கரையில் நின்றபடியே கயிறு, வேட்டி, துப்பட்டா, மூடின காலி கேன் என்று கைக்குக் கிடைத்ததை வீசுங்கள். சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள்.

ஆறு இல்லாத ஊரில் ஆறு செய்வதில் ஒரு வசதி இருக்கிறது. மோட்டார் ஸ்விட்சை அணைத்தால் ஆறு நின்றுவிடும், பள்ளத்தில் மாட்டின உருண்டையை விரலால் எடுத்துவிடலாம். ஆழியாற்றுக்கு அந்த ஸ்விட்ச் கிடையாது.

இந்த வாரம் எம்-சாண்ட் வாங்கிப் போடுங்க. அடுத்த வாரம் ஆத்துக்குப் போகும்போது கூட்டத்துல ஒருத்தராவது ஆத்தைப் படிக்கத் தெரிஞ்சவரா இருப்பீங்க. என்ன, ஸ்டார்ட் பண்ணலாமுங்களா?